ஆடி வெள்ளியும் எண்பது ஜிபி டிஸ்க்கும்

நான் மைக் செட் தொழிலுக்கு வந்தபோது பாட்டு என்பது கையில் எடுத்துப் பார்க்கிற பொருளாக இருந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டி எனக்கு ஒரு கடை. முன்பக்கம் ஆம்ப்ளிஃபயரும் புனல் ஸ்பீக்கர்களும் ஒயர் சுருள்களும் கிடக்கும். பின்பக்கம் இரும்பு அலமாரியில் கேசட்டுகள். கல்யாணத்துக்கு ஒரு தட்டு, காதுகுத்துக்கு ஒரு தட்டு, மஞ்சள் நீராட்டுக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று, அம்மன் திருவிழாவுக்கு மட்டும் இரண்டு. உப்புக் காற்றில் டேப் ஒட்டிக்கொள்ளும். பந்தலில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பாடுகிறவரின் குரல் இழுத்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கும். கூட்டம் சிரிக்கும். நான் கேசட்டை வெளியே எடுத்துப் பென்சிலைச் செருகிச் சுற்றுவேன். போனால் அந்த ஒரு கேசட் போகும், அவ்வளவுதான்.

என் மனைவி ஊரப்பாக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னாலேயே டைப்பிங்கும் கம்ப்யூட்டரும் படித்திருந்தாள். அவள் தம்பி, அதாவது என் மச்சான், நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த வருடம், எங்கள் கடைக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் மனைவி கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒவ்வொரு கேசட்டாகப் போட்டு, ஓடவிட்டு, கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, பாட்டின் பெயரைத் தட்டி, எந்த விசேஷத்துக்கு உரியதோ அந்த ஃபோல்டருக்குள் வைப்பாள். ஏறத்தாழ மூன்று வருடம் இப்படி நடந்தது. தேய்ந்துபோன கேசட்டுகளை நாங்கள் தூக்கிப் போட்டோம். நல்ல நிலையில் இருந்தவற்றைத் திருவிழாக்களில் பேச்சும் பாட்டும் பதிவதற்கு வைத்துக்கொண்டு, அழித்து அழித்துப் பயன்படுத்தினோம்.

அந்த வேலை முடிந்த வருடம் வைகாசியில் மச்சான் வந்தபோது புத்தகம் அளவுக்கு ஒரு பெட்டியைக் கொடுத்தான். வெளியே வைத்து ஒயரில் மாட்டுகிற டிஸ்க்.

"அக்கா, இதுல ஒரு பேக்கப் எடுத்து வெச்சிடு. உள்ள கீற டிஸ்க்கு என்னிக்கு வேணா படுத்துக்கும்."

மனைவி எடுத்தாள். பாட்டு ஃபோல்டர் முழுவதையும் ஒரே பொட்டலமாகக் கட்டுகிற முறை. அன்று காலையில் ஆரம்பித்தது மறுநாள் மதியம்தான் முடிந்தது. நடுவில் கம்ப்யூட்டர் மாடு மாதிரி படுத்துக்கொண்டது. மவுஸை நகர்த்தினால் அம்பு ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் நகரும். பேக்கப் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்து நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை.

இனி மீன் விற்கிற ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மீனவர் குப்பம். ஆடி மாதம் அங்கே அம்மனுக்குக் கூழ் ஊற்றி, சாயங்காலம் கரகம் எடுப்பார்கள். நான் தொழில் தொடங்கிய வருடத்திலிருந்து அங்கே என் மைக் செட்தான். கரகம் கோயிலைவிட்டுப் புறப்படும்போது ஒரு அண்ணன் அம்மனைப் புகழ்கிற வர்ணிப்புப் பாடுவார். கட்டுமரத்தில் போகிறவர். அலையைத் தாண்டிக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அவருக்கு மைக்கே வேண்டாம், இருந்தாலும் மைக்கைப் பிடித்துக்கொள்வதில் அவருக்கு ஒரு ஆசை. அவர் பாடி முடிக்காமல் கரகம் நகராது. முந்தின கார்த்திகையில் மஞ்சள் காமாலை வந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்து, இறந்துபோனார். அவர் மனைவிதான் நான் சொல்லும் அக்கா. கூடையில் மீன் எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரை போய் விற்றுவிட்டு வருவார்.

திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் அக்கா கடைக்கு வந்தார்.

"நைனா, போன வருசம் அவுரு பாடச்சொல்ல நீ புடிச்சியே, அது கீதா?"

"கீதுக்கா. கம்ப்யூட்டர்ல கீது."

"இந்த வாட்டி கரகம் கெளம்பச்சொல்ல அதையே போட்டுடு. ஊர்ல பேசிட்டேன். சரின்ட்டாங்க."

போட்டுவிடலாம் என்று சொன்னேன். அதைப் பதிந்த கேசட்டை அடுத்த மாதமே வேறொரு கோயிலில் அழித்துப் பதிந்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். ஆகவே அந்தக் குரலுக்கு இனிக் கேசட் கிடையாது, கம்ப்யூட்டர்தான்.

திருவிழா நாளான அந்த ஆடி வெள்ளி காலை ஏழே கால் மணிக்குக் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி வந்து நின்றுவிட்டது. டிஸ்க்கே இல்லை என்று அர்த்தம். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே இரண்டு வரி. மூன்றாம் முறையும் அதுவே. மனைவிக்கு ஆள் அனுப்பினேன். அவள் வந்து பார்த்தாள், மச்சானுக்கு போன் போட்டாள். அவன் அப்போதுதான் கம்பெனி வேனில் ஏறியிருந்தான்.

"டிஸ்க்கு போயிருக்கும்க்கா. அது ரொம்பப் பழசு. பேக்கப் கீதுல்ல? மாமாவ செங்கல்பட்டு போய் ஒரு புது டிஸ்க்கு வாங்கியாரச் சொல்லு. அதுல சிஸ்டத்தப் போட்டுட்டு, பேக்கப்ப திருப்பி உள்ள ஏத்திடு. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும். பயப்படாத."

சாயங்காலம் ஐந்தரைக்குக் கரகம். நான் வண்டியை எடுத்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும்போது ஆடிக் காற்று எதிரே அடித்தது. கடைக்காரர் ஒன்பதரைக்குத்தான் ஷட்டரைத் தூக்கினார். அதுவரை எதிரே டீக்கடையில் நின்றேன். இரண்டு டீ குடித்தேனா மூன்றா என்று நினைவில்லை. டிஸ்க்கைப் பையில் போட்டு மடியில் கட்டிக்கொண்டு திரும்பும்போது பதினொன்று ஆகிவிட்டது.

புது டிஸ்க்கை மாட்டி, சிஸ்டத்தை ஏற்றி முடிக்க பன்னிரண்டே கால். அதுவும் ஆமை வேகத்தில்தான் ஏறியது. பிறகு மனைவி பேக்கப் பெட்டியை முன்பக்கம் மாட்டினாள். திரையின் கீழ் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் எழுந்து ஏதோ ஆங்கிலத்தில் சொன்னது. அவள் அதை மூடினாள். பேக்கப்பைத் திருப்பி ஏற்றும் வேலையை ஆரம்பித்தாள். நீலப் பட்டை ஒன்று நுனியில் தெரிந்தது. அதன் கீழே இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று காட்டியது.

பதினோரு மணி நேரம்.

"தப்பா காட்டுது. போகப் போகக் கொறையும்" என்றேன்.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தோம். பத்தே முக்கால் மணி நேரம் என்று காட்டியது. அது தப்பாகக் காட்டவில்லை.

மனைவி மச்சானுக்கு போன் போட்டாள். எடுக்கவில்லை. நானும் போட்டேன். எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்திருக்கிறான். நான் வெளியே போய் வேனில் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர்களையும் ஏற்ற ஆரம்பித்தேன். கை வேலை செய்தது. மனது திரைக்குள் இருந்தது. ஒரு ஒயரை இரண்டு முறை ஏற்றி இரண்டு முறை இறக்கினேன். பன்னிரண்டே முக்காலுக்கு மச்சானே கூப்பிட்டான். மனைவி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"எவ்ளோ காட்டுது?"

"பத்து மணி நேரத்துக்கு மேல."

"பெட்டிய மாட்டச்சொல்ல மூலைல ஏதாவது மெசேஜ் வந்துச்சா?"

"வந்துச்சி. மூடிட்டேன்."

"இன்னா எழுதி இருந்துச்சி?"

மனைவி யோசித்தாள். "இது இன்னும் வேகமா ஓடும்னு ஏதோ..."

"அக்கா!" அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. "அதான் மேட்டரு. சிஸ்டத்த புதுசா போட்டீங்கல்ல, யூஎஸ்பி டிரைவர் ஏறல. பழைய ஸ்பீடுல ஓடிகினு கீது. கம்ப்யூட்டரோட வந்த சிடி ஒண்ணு குடுத்தேனே, மதர்போர்டு சிடி, அத்தப் போட்டு டிரைவர ஏத்து. ஆனா இப்ப ஓடுறத நிறுத்தணும்."

மனைவி போனோடு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நிறுத்தினா மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அரை மணி நேரம் ஓடிடுச்சி."

"நிறுத்து" என்றேன்.

"அந்த சிடி கெடைக்கலன்னா? ஓடுறதும் போயிடும்."

"பதினோரு மணி நேரம் ஓடினா மட்டும் இன்னா பிரயோசனம்? ராத்திரி வர்ணிப்பா?"

கொஞ்சம் உரக்கவே கத்திவிட்டேன். எங்களுக்குள் கத்திப் பேசுகிற வழக்கம் கிடையாது. அவள் என்னைப் பார்க்காமல் மவுஸை நகர்த்தி நிறுத்துகிற பொத்தானை அழுத்தினாள். நீலப் பட்டை காணாமல் போனது. எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்குப் போனாள். அந்த சிடியைக் கல்யாணப் புடவை இருக்கிற பீரோவில், புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். கையில் அதோடு திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது.

டிரைவர் ஏறியது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. பெட்டியை மாட்டினோம். இந்த முறை மஞ்சள் கட்டம் வரவில்லை. பட்டை ஓட ஆரம்பித்தபோது மணி ஒன்று இருபது. கீழே நான்கு மணி நேரம் என்று காட்டியது. அதாவது ஐந்து இருபது. கரகத்துக்குப் பத்து நிமிடம் முன்னால். சிடி எழுதி, குப்பத்துக்குப் போய், மாட்டி, ஓடவிட அந்தப் பத்து நிமிடம் போதாது.

அந்த நேரத்தில்தான் அக்கா கடைக்கு வந்தார். காலையிலிருந்து விரதம். மஞ்சள் புடவை, ஈரத் தலை, நெற்றியில் திருநீறு. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, பாட்டு ரெடியா?"

"ரெடிக்கா" என்றேன்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் பார்க்கவில்லை. அக்கா உள்ளே வந்து திரைக்கு முன்னால் குனிந்தார்.

"இன்னாது இது, நீலமா ஓடிகினு கீது?"

"பாட்டெல்லாம் பெட்டிலேர்ந்து உள்ள போய்கினு கீதுக்கா" என்றாள் மனைவி.

"அவுரும் அதுலதான் போறாரா?"

மனைவி தலையை ஆட்டினாள். அக்கா கொஞ்ச நேரம் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நகர்ந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவு மெதுவாக நகர்ந்தது.

"அவுரு கொரலக் கேட்டு எட்டு மாசம் ஆவுது நைனா. நேரத்துக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சாலையைக் கடந்தார். பிறகு மனைவி கேட்டாள்: "ஏங்க பொய் சொன்னீங்க?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற?"

அவள் மறுபடி போனை எடுத்தாள். இந்த முறை மச்சான் உடனே எடுத்தான். மீட்டிங்கைவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் நிற்பதாகச் சொன்னான். சாப்பிட்டானா என்று இவள் கேட்கவில்லை. அன்று அது ஒரு அதிசயம்.

"நாலு மணி நேரமா? இருக்காதேக்கா. யூஎஸ்பி சரியாயிடுச்சின்னா அரை மணில முடியணும். மவுஸு எப்டி கீது? இழுக்குதா?"

"இழுக்குது. பேக்கப் எடுக்கச்சொல்லயும் இப்டித்தான் இழுத்துச்சி."

"அப்பவுமா? ஏன்கா அப்பவே சொல்லல?"

"பேக்கப்னா அப்டித்தான்னு நெனச்சேன்டா."

அவன் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொரு பட்டியலாகத் திறந்தாள். டிஸ்க் எந்த முறையில் ஓடுகிறது என்று காட்டுகிற இடத்துக்கு வந்தார்கள். அதில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. பி, ஐ, ஓ என்று அவள் படித்தாள்.

"புடிச்சாச்சி" என்றான் மச்சான். "டிஸ்க்கு தானா ஓடணும் அக்கா. இப்ப ஒவ்வொரு துளியையும் கம்ப்யூட்டரு கைல மொண்டு ஊத்திகினு கீது. டிஸ்க்கோட பேசச்சொல்ல அடிக்கடி தப்பு வந்தா சிஸ்டம் தானா இந்த மோடுக்கு எறங்கிடும். புது டிஸ்க்குலயும் தப்பு வருதுன்னா, டிஸ்க்கு மேல கொறை இல்ல. ஒயர்தான். கழட்டி மாட்டச்சொல்ல அரைகொறையா ஒட்டிகினு கீது. மாமா கிட்ட குடு."

நான் போனை வாங்கினேன்.

"மாமா, டிஸ்க்குலேர்ந்து போர்டுக்கு ஒரு பட்டை ஒயர் போவும் பாருங்க. அது எப்டி கீது?"

டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நான் பதினைந்து வருடமாக ஒயரோடு வாழ்கிறவன். அந்தப் பட்டையை அன்று காலை நானே கழற்றி, நானே மாட்டியிருக்கிறேன். ஒரு முறைகூட அதை உற்றுப் பார்க்கவில்லை. பெட்டியின் மூடி அழுத்துகிற இடத்தில் ஓரத்து ஒயர்கள் இரண்டு நசுங்கி, உள்ளே செம்பு தெரிந்தது. செம்பின் மேல் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று.

"நசுங்கிக் கீது மச்சான்."

"மாத்துங்க. அதே மாதிரி ஒயர் எங்க கெடைக்கும்?"

செங்கல்பட்டுக்குப் போய்வர நேரமில்லை. எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதன் உரிமையாளரும் நானும் அவ்வளவு நெருக்கம் இல்லை. ஒரு முறை என் ஸ்பீக்கர் சத்தத்துக்காகச் சண்டைக்கு வந்தவர். ஓடிப்போய் அவர் முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னேன். யாருடைய பாட்டு என்றும் சொன்னேன். அவர் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டரையே அணைத்தார்.

"அந்த வர்ணிப்புக்காரரா? இன்னா பேஜாரா போச்சி... இரு, கழட்டித் தர்றேன். நாளைக்குத் திருப்பிக் குடுத்துடு அண்ணாத்த."

ஒயரை எடுத்துக்கொண்டு வந்தபோது நீலப் பட்டை ஐந்தில் ஒரு பங்கு ஓடியிருந்தது. இந்த முறை நாங்கள் சண்டை போடவில்லை. நான் சொல்வதற்கு முன்பே அவள் நிறுத்திவிட்டாள். ஒயரை மாட்டினோம். மச்சான் சொன்னபடி அந்த பி.ஐ.ஓ. அமைப்பை நீக்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். அது எழுந்த வேகத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. அம்பு விரலோடு சேர்ந்து நகர்ந்தது.

இரண்டு முப்பத்தைந்துக்கு ஆரம்பித்தோம். முப்பத்து நான்கு நிமிடம் என்று காட்டியது. நீலப் பட்டை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஓடியது. பாட்டுகளின் பெயர்கள் படிக்க முடியாத வேகத்தில் மேலே ஏறிப்போயின. எல்லாம் அவள் தட்டிய பெயர்கள். அந்த அரை மணி நேரமும் இருவரும் நாற்காலியைவிட்டு எழவில்லை. கரண்ட் போய்விடக்கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. ஒரு முறை மின்விசிறி சுணங்கியது. அவள் என் முழங்கையைப் பிடித்தாள். மின்விசிறி மறுபடி சுற்றியது.

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு முடிந்தது.

"போடு, அம்மன் ஃபோல்டரப் பாரு" என்றேன்.

அவள் பார்த்தாள். இல்லை. திருவிழா ஃபோல்டரைப் பார்த்தாள். இல்லை. தேடுகிற கட்டத்தில் குப்பம் என்று தட்டினாள். ஒன்றும் வரவில்லை. வர்ணிப்பு என்று தட்டினாள். கடைகளில் வாங்கிய வர்ணிப்புகள் ஏழெட்டு வந்தன. அவருடையது இல்லை.

"நீங்க எங்க வெச்சீங்க?"

அந்தக் கேள்வி கேட்டதும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. போன ஆடியில் கேசட்டிலிருந்து ஏற்றியது நான். அவள் அன்று ஊரப்பாக்கம் போயிருந்தாள். நான் எந்த ஃபோல்டரிலும் போடவில்லை. கண்ணெதிரே இருக்கட்டும் என்று முகப்புத் திரையிலேயே வைத்துவிட்டேன். அவள் பேக்கப் எடுத்தது பாட்டு ஃபோல்டரை மட்டும்.

"வெளியவே வெச்சிட்டேன்" என்றேன்.

ஃபோல்டரில் போடுங்கள் என்று அவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள். அதை அவள் அப்போது சொல்லிக்காட்டவில்லை. அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். குப்பத்துப் பக்கமிருந்து பம்பைச் சத்தம் கேட்டது. ஆட்கள் கூடத் தொடங்கிவிட்டார்கள். ரெடி என்று நான் அக்காவிடம் சொன்னது காதில் திரும்பத் திரும்ப விழுந்தது. போய்ச் சொல்லிவிடலாம், காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று வண்டிச் சாவியைத் தேடினேன்.

"இங்க வாங்க" என்று மனைவி கூப்பிட்டாள். அவள் கையில் காலையில் நாங்கள் கழற்றி வைத்த பழைய எண்பது ஜிபி டிஸ்க் இருந்தது.

"ஒயர்தான கெட்டுப்போச்சி?"

"ஆமா."

"அப்ப இது?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு புரிந்தது. காலையிலிருந்து இது செத்துவிட்டது என்று நாங்களும் மச்சானும் முடிவுகட்டி ஒதுக்கி வைத்திருந்தோம். யாரும் அதை நல்ல ஒயரில் மாட்டிப் பார்க்கவில்லை.

புது டிஸ்க்கைக் கழற்றினேன். பழையதை மாட்டினேன். "நீயே போடு" என்றேன். அவள் பொத்தானை அழுத்தினாள். கறுப்புத் திரை. கறுப்புத் திரை நின்றுகொண்டே இருந்தது. பிறகு ஒரு சின்னக் கோடு ஓடியது. அதன் பிறகு எங்கள் பழைய முகப்புத் திரை, எங்கள் பழைய படம், அதன் வலது ஓரத்தில் நான் பெயரிட்டு வைத்த 'குப்பம் 1'.

அவள் அழுதாள். நான் அவள் தலையில் கை வைத்துவிட்டு உடனே எடுத்தேன். மணி மூன்று நாற்பது.

முதலில் அதைப் பேக்கப் பெட்டிக்குள் ஒரு பிரதி எடுத்தாள். அதற்குப் பிறகுதான் சிடி எழுதினாள். முதல் சிடி பாதியில் பழுதானது. இரண்டாவது சரியாக வந்தது. பதிவின் ஆரம்பத்தில் இருக்கிற இரைச்சலையும் பேச்சையும் வழக்கமாக நான் வெட்டிவிடுவேன். அன்று அதற்கு நேரமில்லை, குப்பத்தில் இன்னும் ஸ்பீக்கர் கட்ட வேண்டும். ஓட்டிப் பார்க்கவும் நேரமில்லை. சிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேனில் ஏறினேன். மனைவியும் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தாள்.

ஐந்தரைக்குக் கோயிலுக்கு முன்னால் மணலில் நிற்க இடமில்லை. பூங்கரகம் தலையில் ஏறியது. பம்பை நின்றது. ஊர்ப் பெரியவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

புனல் ஸ்பீக்கரில் முதலில் காற்றுச் சத்தம் வந்தது. பிறகு ஒரு கனைப்பு. பிறகு அவர் குரல், பாட்டு இல்லை, பேச்சு:

"இன்னா நைனா, மைக்கு வேலை செய்தா? கேக்குதா?"

கூட்டம் அப்படியே நின்றது. எங்கோ ஒரு குழந்தை மட்டும் அழுதது. அடுத்து அவர் பாட ஆரம்பித்தார். முதல் அடி. இரண்டாவது அடி. அக்கா கோயில் வாசலில், தட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் முகம் எப்படி இருந்தது என்று இன்றும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. மூன்றாவது அடியின் நடுவில் அக்கா வலது கையைத் தூக்கினார்.

"போதும் நைனா. நிறுத்து."

நான் நிறுத்தினேன். பம்பைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். கரகம் நகர்ந்தது. அக்கா அதற்குப் பின்னால் நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். காலை ஏழே கால் முதல் நாங்கள் பட்ட பாடு எல்லாம் மூன்று அடிக்கா என்று இருந்தது. பிறகு கோபம் போய்ப் பயம் வந்தது. பேச்சை வெட்டாமல் விட்டது என் தப்பு; அக்காவை ஊர் நடுவில் அப்படி நிற்க வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். மனைவியிடம் சொன்னேன். "தெரியலங்க" என்றாள் அவள். மறுநாள் பிரவுசிங் சென்டர்காரருக்கு ஒயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செங்கல்பட்டிலிருந்து புது ஒயர் இரண்டு வாங்கிவந்தேன். மச்சான் ஞாயிற்றுக்கிழமை வந்து, டிஸ்க் போய்விட்டதென்று அவசரப்பட்டுச் சொன்னதற்கு நான்கு முறை வருத்தப்பட்டான். இரண்டு டிஸ்க்கையும் ஒழுங்குபடுத்தி, முகப்புத் திரையில் கிடந்ததை எல்லாம் பேக்கப்பில் சேர்த்தான்.

பத்து நாள் இருக்கும். மதியம் அக்கா கடை வாசலில் வந்து நின்றார். கூடை காலியாக இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அது கீதா நைனா?" என்று கேட்டார்.

"கீதுக்கா. போடவா?"

"வேணாம் வேணாம், அன்னிக்கே முழுசாக் கேக்க முடில. கீதான்னுதான் கேட்டேன்."

உள்ளே மனைவி எழுந்து நின்றாள். "மூணு எடத்துல வெச்சிருக்கோம்க்கா. இனிமே போவாது" என்றாள்.

அக்கா தலையை ஆட்டினார். கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார். போகத் திரும்பினவர் நின்றார்.

"மொதல்ல மைக்கு வேலை செய்தான்னு கேக்குறாரே உன்னாண்ட, அதுவும் கீதுல்ல?"

"கீதுக்கா."

"அத்த வெட்டிடாத" என்று சொல்லிவிட்டு, வருகிற பஸ்ஸுக்குக் கை காட்டியபடி சாலையைக் கடந்தார்.